ஒலிபரப்பாகாத பதில்

கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் இரண்டு தமிழ்ப் பிள்ளைகள் சனி, ஞாயிறுகளில் யூடியூபில் ஒரு பேட்டி நிகழ்ச்சி நடத்துகிறார்கள். போன மாதம் என்னை விருந்தினராகக் கூப்பிட்டார்கள். வேலை பார்த்த காலம் முழுக்க அடுத்தவர் வாயைக் கிளறியே சம்பளம் வாங்கியவள், முதல் தடவையாக எதிர் நாற்காலியில் உட்காரப் போகிறேன் என்று எனக்கும் உள்ளுக்குள் குஷிதான். பதிவுக்கு முன்னால் ஒரு நாள் அவர்களில் ஒருத்தி போன் செய்தாள். "மேடம், சும்மா ஒரு ப்ரீ-இன்டர்வியூ" என்றாள். சும்மா என்று ஆரம்பித்தது ஒரு மணி நேரம் ஓடியது. நானும் கேட்டதற்கெல்லாம் சிரிக்கச் சிரிக்கக் கதை சொன்னேன். பதிவு நாளன்று கேமராவுக்கு முன்னால் அதே கேள்விகள் வந்தபோது என்னிடம் சரக்கு தீர்ந்திருந்தது. "அதான் அன்னைக்கே சொன்னேனே" என்று நான் இழுத்ததும் அவர்கள் முகத்தில் ஈயாடவில்லை.

நல்ல பிள்ளைகள். எங்கே தப்பு என்று அவர்களே கேட்டார்கள். பாதி சொல்வதற்குள் பாறசாலை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மீதியை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எழுத எழுத, இது என் தொழிலைப் பற்றியது என்பதைவிட இரண்டு பேரைப் பற்றியது என்று தெரிந்தது. ஒருவர் என் மேலதிகாரி தாணு சார். இன்னொருவர் நான் பேட்டி எடுத்த செல்லத்தாயக்கா.

திருவனந்தபுரத்தில் நான் வேலை பார்த்த வானொலி நிலையத்தில் தினமும் மத்தியானம் தமிழுக்கென்று கொஞ்ச நேரம் ஒதுக்கியிருந்தார்கள். சாலை என்கிற பெரிய கடைவீதியில் அரிசி மண்டிக்காரர்கள் கேட்பார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் நாகர்கோவில், வள்ளியூர், பணகுடி வரைக்கும் டீக்கடைகளில் அந்த நேரத்துக்கு எங்கள் நிகழ்ச்சிதான் ஓடும். நான் பாறசாலைக்காரி. வீட்டிலும் சர்ச்சிலும் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும். குரல் தேர்வில் எப்படியோ தேறிவிட்டேன். மைக்கிலிருந்து எவ்வளவு தள்ளி உட்கார வேண்டும், 'ப' சொல்லும்போது காற்று அடிக்காமல் எப்படிச் சொல்ல வேண்டும், எந்தப் பொத்தானைத் தொட்டால் இன்ஜினியர் கத்துவார் என்பதையெல்லாம் சில மாதங்களில் கற்றுக்கொண்டேன். அதில் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. பேட்டிப் பிரிவில் தாணு சாரிடம் என்னைத் தள்ளிவிட்ட பிறகுதான் பாடு ஆரம்பித்தது.

தாணு சார் சுசீந்திரத்துக்காரர். ஒல்லி, முன்கோபம், எப்போதும் ஒரே மாதிரி வெள்ளைச் சட்டை. இத்தனை பேட்டிகளைத் தயாரித்த மனிதருக்குத் தானே பேட்டி எடுக்க வராது. மைக் முன்னால் உட்கார்ந்தால் குரல் விறைத்துப்போய், "தாங்கள் எப்போது பிறந்தீர்கள்" என்கிற மாதிரி கேட்பார். அது அவருக்கே தெரியும். அதனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கண்ட்ரோல் அறையில் உட்கார்ந்துகொண்டு, இந்தப் பக்கம் இருக்கும் எங்களைக் கண் கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நான் சேர்ந்த புதிதில் சாலைக் கடைவீதியிலிருந்து ஒரு கயிற்று வியாபாரியைக் கூப்பிட்டிருந்தோம். தமாஷான மனிதர். பதிவுக்கு முன்னால் கேன்டீனில் உட்கார்ந்து, தான் வடம் விற்ற ஒரு கோயில் தேர் பாதித் தெருவில் நின்றுபோன கதையைச் சொன்னார். நான் சிரித்ததில் சாயா புரையேறிவிட்டது. அதே கதையை ஸ்டுடியோவுக்குள் கேட்டபோது, "அது அப்பமே சொன்னேன்லா, தேர் நின்னு போச்சு, பிறவு இழுத்தாச்சு" என்று முடித்துவிட்டார். நான் கண்ணாடியைப் பார்த்தேன். தாணு சார் எழுந்து நின்று இடுப்பில் கையை வைத்திருந்தார்.

அன்றைக்கு அவர் என்னைத் திட்டவில்லை. "எஸ்தரு, மனுசன் ஒரு கதையை ஒரு தடவைதான் முழுசாச் சொல்லுவான். ரெண்டாம் தடவை சுருக்கம்தான் சொல்லுவான். அந்த ஒரு தடவை கேன்டீன்ல நடந்துட்டுன்னா, அதைக் கேட்டவன் வடை போடுறவன் மட்டும்தான்" என்றார்.

அதற்குப் பிறகு விருந்தினரை அழைத்துவரும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார். வாசல் கேட்டுக்கே போய், கூடவே நடந்து வருவார். வழியில் பஸ், மழை, செருப்பு, முட்டிவலி இவற்றைத் தவிர வேறு பேச்சு கிடையாது. விருந்தினர் விஷயத்துக்கு வந்துவிட்டால் பாதியில் வெட்டுவார். ஒரு கல்லூரிப் பேராசிரியர் நடந்துகொண்டே தன் ஆராய்ச்சியை ஆரம்பித்தபோது, "சாருக்கு உளுந்து வடை பிடிக்குமா, பருப்பு வடையா?" என்று கேட்டுவிட்டார். பேராசிரியருக்கு மகா கோபம். அந்தக் கோபத்தோடு ஸ்டுடியோவில் உட்கார்ந்தவர், மேடையில் பேசுகிற பேச்சை மறந்து, வாழ்நாளில் பேசாத மாதிரி நன்றாகப் பேசினார்.

நாற்காலி விஷயத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் ஸ்டுடியோவில் கேட்கிறவர் உட்காரும் நாற்காலியின் கால்களைத் தச்சனைக் கூப்பிட்டுக் கொஞ்சம் அறுத்துவிட்டார். விருந்தினர் நாற்காலி பழைய உயரத்திலேயே இருந்தது. "கேக்குறவ அண்ணாந்து பாக்கணும். நீ மேலருந்து பாத்தா வந்தவன் போலீஸ் ஸ்டேஷன்ல இருக்க மாதிரி பதில் சொல்லுவான்" என்பது அவர் கட்சி. எனக்குக் கழுத்துவலி வந்ததுதான் மிச்சம் என்று அப்போது முணுமுணுத்தேன். ஆனால் தலையை நிமிர்த்திக் கேட்டால் நம் குரலும் தானாகவே தணிந்துவிடுகிறது. செய்து பார்த்தால்தான் தெரியும்.

கையில் காகிதம் கூடாது. மனதில் ஒரே ஒரு கேள்வியோடு உள்ளே போக வேண்டும், மற்றதெல்லாம் அவர்கள் பதிலிலிருந்து பிறக்க வேண்டும். "அப்போது உங்களுக்கு எப்படி இருந்தது?" என்று மட்டும் கேட்கவே கூடாது. அந்தக் கேள்வியை யாராவது கேட்டுவிட்டால் அவர் உள்ளே வந்து டேப்பையே நிறுத்திவிடுவார். "மனசைக் கேட்டா எல்லாரும் 'ரொம்ப சந்தோசம், ரொம்ப வருத்தம்'பான். கையைக் கேளு, கண்ணைக் கேளு. என்ன செஞ்சே, எங்க நின்னே, எதைப் பாத்தே? அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது." பழவங்காடி கணபதி கோயிலில் சிதறுதேங்காய் அள்ளும் ஒருவரை நான் பேட்டி எடுத்தது அப்படித்தான். பக்தர்கள் முகத்தைப் பார்த்தால் என்ன தோன்றும் என்று கேட்க வந்த வாயை அடக்கிக்கொண்டு, எதைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று கேட்டேன். "முகத்தைப் பாக்க எங்க நேரம்? தேங்காயைத்தான் பாப்பேன். கோபத்துல எறிஞ்சா தூளாப் போவும், பயந்துட்டு எறிஞ்சா ரெண்டே துண்டு. பரீட்சை ரிசல்ட் வார அன்னைக்கு எல்லாம் ரெண்டு துண்டுதான்" என்றார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தாணு சார் தொடையில் தட்டிச் சிரிப்பது தெரிந்தது.

இவ்வளவும் நிலையத்தில் மற்றவர்களுக்கு ஏற்புடையதாகத்தான் இருந்தது. அவர்கள் கேலி செய்தது அவருடைய இன்னொரு வழக்கத்தை. பதிவு முடிந்து சில நாள் கழித்து விருந்தினரைத் திரும்ப வரச்சொல்லி, காதில் ஹெட்போன் மாட்டி, முழுப் பேட்டியையும் கேட்க வைப்பார். விருந்தினர் சரி என்றால்தான் ஒலிபரப்பு. "தாணு பேட்டி எடுக்கல, ஜாமீன் எடுக்குறான்" என்று கேன்டீனில் சிரிப்பார்கள். நானும் ஒருநாள் கேட்டேன், இது என்னத்துக்கு சார் வீண் வேலை என்று. "நல்லாக் கேட்டா, மனுசன் சொல்லக் கூடாததையும் சொல்லிருவான் பிள்ளே. நாம அதுக்குத்தானே இத்தனை பாடுபடுதோம்? அப்பம் அவன் வீட்டுக்குப் போய்த் தூங்கி எழுந்து, 'ஐயோ'ன்னு நினைக்கதுக்கு ஒரு வழி விட்டு வைக்கணும்" என்றார். அப்போது எனக்கு அது முழுசாகப் பிடிபடவில்லை.

செல்லத்தாயக்காவைக் கண்டுபிடித்ததும் அவர்தான். பெரிய ஆஸ்பத்திரி வாசலில் இட்லிக்கடை வைத்திருந்தார் அக்கா. ஊர் வள்ளியூர்ப் பக்கம். புருஷனுக்கு வைத்தியம் பார்க்க வந்து, அவர் போன பிறகும் இங்கேயே தங்கிவிட்டவர். திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கத்திலிருந்து வரும் நோயாளிகளுக்கு டாக்டர் பேசும் மலையாளம் புரியாது, டாக்டருக்கு இவர்கள் பேச்சு பாதிதான் புரியும். அக்கா கடையை வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிவிட்டு அவர்களோடு உள்ளே போவார். டாக்டர் சொல்வதை இவர்களுக்கும், இவர்கள் சொல்வதை டாக்டருக்கும் எடுத்துச் சொல்வார். கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறவர் என்று பெயர். டாக்டர்களே, "அந்த இட்லிக்கடைச் சேச்சியைக் கூட்டிட்டு வா" என்று சொல்லி அனுப்புவார்கள்.

அப்படிப்பட்டவரைப் பேசவைப்பது எவ்வளவு கஷ்டம் என்பது உள்ளே உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. ஆயுசு முழுக்க அடுத்தவர் பேச்சைச் சொல்லியே பழகிய வாய். எதைக் கேட்டாலும், "டாக்டரு இப்படிச் சொன்னாவ, அவிய இப்படிக் கேட்டாவ" என்றுதான் வந்தது. நான் என்கிற சொல்லே கிடையாது. பாதி டேப் ஓடிவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தாணு சார் உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்துக் காட்டினார். பொறு என்று அர்த்தம்.

நான் மனதில் வைத்திருந்த ஒற்றைக் கேள்வியை அப்போது எடுத்தேன். "அக்கா, ஒரு கெட்ட சேதியை டாக்டர் மலையாளத்துல சொல்லி முடிக்கிறார். அது உங்களுக்கு மட்டும்தான் புரிஞ்சிருக்கு. நீங்க இன்னும் வாயைத் திறக்கல. அந்த நேரத்துல முதல்ல யாரைப் பாப்பீங்க?"

அக்கா பேசவில்லை. டேப் சுற்றிக்கொண்டே இருந்தது. எனக்கு நாக்கு துறுதுறுத்தது. சாரின் உள்ளங்கை அசையவில்லை. ஸ்டுடியோவில் மின்விசிறிகூடக் கிடையாது, மூச்சுச் சத்தம் மட்டும்தான். பிறகு அக்கா மெதுவாக ஆரம்பித்தார்.

"சீக்காளியைப் பாக்க மாட்டேன். கூட வந்தவியளத்தான் பாப்பேன். எம்மா, ஒரே ஒரு தடவை நான் மாத்திச் சொல்லிருக்கேன். பணகுடிப் பக்கம் ஒரு சின்னப் பொண்ணு. கல்யாணமாகி ஒரு வருசம்கூட இருக்காது. புருசங்காரன் கூட்டிட்டு வந்தான். டாக்டரு சொல்லிட்டாவ, இனி மருந்து கேக்காது, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி ஆசைப்பட்டதக் குடுங்கன்னு. நான் அவனைப் பாத்தேன். அவன் என் வாயையே பாத்துக்கிட்டு இருக்கான். எனக்கு என்னமோ ஆயிட்டு. மருந்து பிடிக்க நாளாவும், வீட்ல வச்சு நல்லா சாப்பாடு குடுங்கன்னு சொன்னேன். சொல்லி வாயை மூடல, அந்தப் பொண்ணு என் கையைப் பிடிக்கா. பிடிச்சுக்கிட்டு மலையாளத்துல சொல்லுதா. 'சேச்சி, எனிக்கு மனசிலாயி. சேட்டனோடு பறயண்ட'ன்னு."

எனக்குப் புரிந்துவிட்டது அக்கா, அவரிடம் சொல்ல வேண்டாம் என்று அர்த்தம்.

"பிறவு அவன் இல்லாத நேரம் சொன்னா, அவ அம்மை புனலூர்ல எஸ்டேட் வேலைக்குப் போனவளாம். சின்ன வயசுல கொஞ்ச காலம் அங்கதான் வளந்துருக்கா, அவன்கிட்ட சொன்னதில்லையாம். தெரியும்னு காட்டிக்கிட்டா டாக்டரு வாயை மூடிக்கிடுவாவளோன்னு ஒண்ணும் தெரியாத மாதிரி இருந்துருக்கா. அவன் பக்கத்துலதான் நிக்கான். என்னது கேக்கான்னு கேட்டான். தண்ணி கேக்கான்னு சொன்னேன். ஓடிப்போயி பிடிச்சிட்டு வந்தான். பொங்கலுக்கு முந்தி அவ போய்ச் சேந்துட்டா. அவனுக்கு இது ஒண்ணும் தெரியாது." கொஞ்சம் நிறுத்தி, "வேற கேளுங்கம்மா" என்றார்.

வேறு என்ன கேட்டேன் என்று எனக்கு நினைவில்லை. வெளியே வந்தபோது இன்ஜினியர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்கள் டைரக்டர் மலையாளி, நல்ல ரசிகர். வழியோடு போனவர் கண்ட்ரோல் அறையில் நின்று கேட்டிருக்கிறார். "தாணு, இது பொன்னு, தனித் தங்கம், கேட்டோ. ஒரு செகண்ட்கூட கட் பண்ணண்டா" என்றார். அந்த வருஷம் வானொலி நிலையங்களுக்குள் நடந்த போட்டிக்கு எங்கள் நிலையத்திலிருந்து இதைத்தான் அனுப்புவது என்று அங்கேயே முடிவானது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று வீட்டுக்குப் போய் என் புருஷனிடம் இரண்டு தடவை சொன்னேன். இரண்டாம் தடவையும் சுருங்கவில்லை.

தாணு சார் மட்டும் வழக்கம்போல அக்காவைத் திரும்ப வரச்சொன்னார். ஹெட்போனை மாட்டிவிட்டு, டேப்பை ஓடவிட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அது அவர் மரியாதை. தன் பேச்சைத் தானே கேட்பவரை உட்கார்ந்து வேடிக்கை பார்க்கக் கூடாது என்பார். ஆனாலும் நான் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். அக்கா தன் குரலைக் கேட்டு முதலில் வெட்கப்பட்டுச் சிரித்தார். அந்தக் கேள்வி வந்தபோது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்புறம் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"எம்மா, இதை நானா சொன்னேன்?"

"ஆமாக்கா."

"பணகுடியில எந்த டீக்கடைக்குப் போனாலும் இந்த ரேடியோதான் பாடுது. அந்தப் பையன் கேட்டான்னா?" அவர் என்னைப் பார்க்கவில்லை, தாணு சாரைத்தான் பார்த்தார். "சார், சாவப்போற பொண்ணு என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. அதை நான் இங்க உக்காந்து ஊருக்கே சொல்லிட்டேனே. நாளைக்கு நான் செத்து மேல போயி அந்தப் பொண்ணு முகத்துல எப்படி முழிப்பேன்?"

தாணு சார் ஒரு வார்த்தை சமாதானம் சொல்லவில்லை. பேர் சொல்லவில்லையே, ஊரை மட்டும் எடுத்துவிடலாமே என்று பேரம் பேசவில்லை. நான் பேச வாய் திறந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். "எங்கருந்து எங்க வரைக்கும்மா?" என்று மட்டும் அக்காவிடம் கேட்டார்.

அந்தக் காலத்தில் வெட்டுவது கையால் செய்யும் வேலை. டேப் சுருளை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் மெதுவாக உருட்டினால் குரல் உறுமுகிற மாதிரி கேட்கும். சொல் தொடங்கும் இடம் வந்ததும் மஞ்சள் மெழுகுப் பென்சிலால் ஒரு கோடு. முடியும் இடத்தில் இன்னொரு கோடு. பள்ளம் வெட்டிய உலோகக் கட்டையில் டேப்பைப் படியவைத்து, பிளேடால் சாய்வாக ஒரு வெட்டு. சாய்வாக வெட்டினால்தான் ஒட்டிய இடம் காதில் இடறாது. பிறகு இரண்டு முனைகளையும் சேர்த்து வெள்ளை ஒட்டு நாடாவை நகத்தால் தேய்க்க வேண்டும். எங்கள் பிரிவில் இதை உதவியாளர்கள் செய்வார்கள். அன்றைக்கு அவரே செய்தார். கேள்வி இருந்தது. அதற்குப் பிறகு அக்கா பேசாமல் இருந்த நேரம் முழுசாக இருந்தது. உடனே, "வேற கேளுங்கம்மா" வந்தது.

"கேள்வியையும் எடுத்துரலாமே சார்" என்றேன்.

"கேள்வி உன்னோடது, அதுல தப்பு ஒண்ணும் இல்லை. சும்மா இருந்தது அவிய பதில்." அக்கா பக்கம் திரும்பி, "நீங்க பேசாம இருந்த இடத்தை வச்சுக்கிடட்டுமாம்மா?" என்று கேட்டார்.

"சும்மா இருந்ததுல என்ன இருக்கு? வச்சுக்கோங்க" என்றார் அக்கா.

வெட்டிய டேப்பைச் சுருட்டி அவர் கையில் கொடுத்தார் சார். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அக்காவுக்குத் தெரியவில்லை. "கடை அடுப்புல போட்டுருதேன்" என்று சொல்லி இடுப்பில் செருகிக்கொண்டு போனார். போட்டும் விட்டார் என்று பிறகு சொன்னார். அன்றைக்கு இட்லிச் சட்டியெல்லாம் ஒரே நாற்றமாம்.

டைரக்டருக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அரசாங்க டேப்பை யாரைக் கேட்டு வெட்டினாய் என்று கத்தினார். "டேப்பு நம்மளுதுதான் சார். பேச்சு அந்தம்மாவோடது. தந்தாவ, திருப்பி வாங்கிக்கிட்டாவ" என்றார் தாணு சார். கத்துவதில் அவரும் குறைந்தவர் இல்லை, ஆனால் அன்று குரலை உயர்த்தவே இல்லை. போட்டிக்கு வேறு நிகழ்ச்சி போனது. அடுத்து வரவேண்டிய பதவி உயர்வு அவருக்கு வெகு நாள் கழித்துத்தான் வந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று யாரும் சொல்லவில்லை. அவரும் அதைப் பற்றி ஒரு நாளும் மூச்சு விடவில்லை. எனக்குத்தான் பல நாள் மனது ஆறவில்லை. அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டே வேலை பார்த்தேன்.

நிகழ்ச்சி ஒலிபரப்பாகி சில நாள் கழித்து, வாசலில் ஒருவர் என்னைத் தேடி நிற்பதாகச் செக்யூரிட்டி வந்து சொன்னார். போய்ப் பார்த்தேன். முப்பது வயதுகூட இருக்காது. சட்டையில் மாவு வாசனை. களியக்காவிளையில் ஒரு பேக்கரியில் வேலை பார்ப்பதாகச் சொன்னார். பெயர் முருகன் என்று வைத்துக்கொள்ளுங்கள், உண்மைப் பெயர் அதுவல்ல. வரவேற்பறையில் உட்காரவைத்தேன்.

"அந்தம்மாகிட்ட கேள்வி கேட்டது நீங்கதானா?"

"ஆமா."

"யாரை முதல்ல பாப்பீங்கன்னு கேட்டதுக்கு அவங்க ஒண்ணும் சொல்லாம இருந்தாங்களே. கடையில அந்த நேரம் நான் பன்னுக்கு மாவு பிசைஞ்சுக்கிட்டு இருந்தேன். அவங்க பேரைக் கேட்டப்பவே கை நின்னுருச்சு. அந்தக் கேள்வி வந்ததும் ரேடியோ பக்கத்துல போயி நின்னேன். சொல்லிருவாங்களோ, சொல்லிருவாங்களோன்னு. வேற யாரையாவது நினைச்சும் சும்மா இருந்துருக்கலாம். ஆனா எங்களைத்தான்னு எனக்குத் தோணிச்சு."

வந்திருப்பது யார் என்று அப்போதுதான் உறைத்தது. அவரிடம் என்ன சொல்லலாம், என்ன சொல்லக் கூடாது என்று நான் தடுமாறிக்கொண்டிருந்தபோது அவரே தொடர்ந்தார்.

"கல்யாணத்துக்கு முன்னாடி நான் கோயம்புத்தூர்ல ஒரு மலையாளத்தார் பேக்கரியில இருந்தேன். மலையாளம் பேச வராது. கேட்டா எல்லாம் புரியும்."

நான் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப்போட்டுக்கொண்டேன்.

"டாக்டர் சொன்னது எனக்குப் புரிஞ்சுது. அவளுக்குப் புரியாதுன்னு நினைச்சேன். இந்தம்மா அவ முன்னாடி என்ன சொல்லப் போறாங்களோன்னு அவங்க வாயையே பாத்துக்கிட்டு நின்னேன். மாத்திச் சொன்னாங்க. கால்ல விழுந்து கும்பிடணும் போல இருந்துச்சு. அடுத்த நிமிசம் அவ மலையாளத்துல பேசுறா. அவளுக்குத் தெரியும்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். என்கிட்ட சொல்ல வேண்டாம்ங்கிறா. தண்ணி கேக்கான்னு அந்தம்மா சொன்னாங்க. குழாயடியில கொஞ்ச நேரம் நின்னுட்டுத்தான் தண்ணி கொண்டு வந்தேன்."

அதற்குப் பிறகு வீட்டில் இரண்டு பேரும் எப்படி இருந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், அப்படி உட்கார்ந்திருந்தார். அவராகச் சொன்னதில் இங்கே இருப்பது இவ்வளவுதான்: "கடைசி வரை நான் தெரியாத மாதிரியே இருந்தேங்க. அவளுக்கு அது நிம்மதியா இருந்துச்சு. நல்லாச் சாப்பிடு, சரியாயிரும்னு நான் சொல்லுவேன். சரிம்பா." பிறகு எழுந்து, "அவ கேட்டுக்கிட்டதை அந்தம்மா காப்பாத்திட்டாங்க. ரேடியோவுலகூடச் சொல்லல. அதைச் சொல்லத்தான் வந்தேன். ஆஸ்பத்திரிப் பக்கம் என்னால போக முடியாது. நீங்க சொல்லிருங்க" என்றார்.

அவர் போன பிறகு நேரே தாணு சார் அறைக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அந்த டேப் வெட்டப்படாமல் போயிருந்தால், அந்தப் பெண் மறைக்கச் சொன்னது ஒரு பேக்கரியில், மாவு பிசைந்த கையோடு, நாலு பேர் நடுவில் அந்த மனிதர் காதில் விழுந்திருக்கும். இத்தனை நாள் அவரைத் திட்டியதற்காக நான் அழுதேன். அதற்கு முன்னால் ஆபீஸில் அழுததே இல்லை. அவர் முகத்தில் பெருமை கிடையாது. "என்கிட்ட என்ன சொல்லிட்டு நிக்கே, போயி அந்தம்மாகிட்ட சொல்லு" என்று விரட்டினார்.

போய்ச் சொன்னேன். செல்லத்தாயக்கா கேட்டுவிட்டு, அடுப்பைத் தணித்து வைத்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்தார். "அப்பம் அவனுக்குத் தெரியும்ங்கது அந்தப் பிள்ளைக்குக் கடைசி வரைக்கும் தெரியாது?" என்றார். தெரியாது என்றேன். "அடக் கடவுளே. ஒருத்தருக்கொருத்தர் தெரியாம ஒரே வீட்ல இருந்து தனித்தனியா அழுதுருக்குவளே" என்று சொல்லி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதற்குள் ஆஸ்பத்திரியிலிருந்து யாரோ தேடி வந்தார்கள். எழுந்து போனார். அதற்குப் பிறகும் பல வருஷம் போய்க்கொண்டிருந்தார், ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல்.

தாணு சார் இப்போது இல்லை. அக்கா வள்ளியூரில் மகன் வீட்டில் இருக்கிறார், காது கொஞ்சம் மந்தம். முருகன் களியக்காவிளையில் சொந்தமாகப் பேக்கரி வைத்து, மறுபடி கல்யாணமும் செய்துகொண்டார். பிள்ளைகளெல்லாம் பெரியவர்களாகிவிட்டார்கள். இதை எழுதி முடித்ததும் அக்கா வீட்டுக்குப் போய் உரக்க வாசித்துக் காட்டினேன். "எல்லாம் நடந்ததுதான், போட்டுக்கோ" என்றார். அப்புறம் களியக்காவிளைக்குப் போனேன். கடையை மனைவியிடம் பார்க்கச் சொல்லிவிட்டு, முருகன் பின்கட்டில் அடுப்புப் பக்கம் ஒரு ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார். முதலிலிருந்து கடைசிவரை வாசித்தேன். முடித்த பிறகு காகிதங்களை என் கையிலிருந்து வாங்கிப் புரட்டினார். பிறகு, அந்தப் பெண் கடைசி நாட்களில் அவரிடம் சொன்னதாக அன்றைக்கு வரவேற்பறையில் அவர் சொல்லி, நான் இதில் எழுதியிருந்த ஒரே ஒரு வாக்கியத்தைக் காட்டி, "இது மட்டும் எனக்கு இருக்கட்டும்மா" என்றார்.

அதை எடுத்துவிட்டேன்.